காப்பி வாசனை

கடலூர் ஓ.டி.யைத் தாண்டி, சிதம்பரம் ரோட்டில் பஸ் கொஞ்ச தூரம் போனதும், தூங்கிக்கொண்டிருக்கிற ஆசாமி கண்ணைத் திறக்காமலே மூக்கைப் பொத்திக்கொண்ட காலம் உண்டு. 'சிப்காட் எறங்குறவங்கள்லாம் வாங்க' என்று கண்டக்டர் குரல் கொடுக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஸ்டாப்பிங் எது என்று மூக்கே சொல்லிவிடும். எண்பதுகளில் முளைத்த தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிமருந்து, சாயம் என்று வரிசையாக ஆலைகள். ஒரு பக்கம் உப்பனாறு, இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை, நடுநடுவே கிராமங்கள்.

வெளியூர்க்காரனுக்கு அது மொத்தமாக ஒரே நாற்றம். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, செம்மங்குப்பத்துக்காரர்களுக்கு அப்படி இல்லை. 'இது அழுகின முட்டை, இது நகத்துக்குப் போடுற பாலிஷ்' என்று தரம் பிரித்தார்கள். ராத்திரி இந்த வாசனை வந்தால் இன்ன பக்கத்து ஆலை என்று கை காட்டினார்கள். ஆனால் அதிகாரிகள் வந்து நிற்கிற நேரத்தில் மட்டும் காற்று நல்ல பிள்ளையாக இருக்கும். 'எங்கேய்யா நாற்றம்? ஆதாரம் இருக்கா?' என்பார்கள்.

2004-ல் அந்த ஊர்க்காரர்கள் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தேதி, மணி, காற்றடிக்கிற திசை, என்ன வாசனை என்று எழுதி வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் விசேஷப் பையை வைத்து, அதில் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு அறிக்கையாகவே வெளியாயிற்று. அதற்கப்புறம் 'ஆதாரம் இருக்கா?' என்று யாரும் அவ்வளவு சுலபமாகக் கேட்கவில்லை. பட்டம் வாங்காத மூக்குகள் செய்த வேலை அது.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது ரசாயன வாசனை பற்றி அல்ல. காப்பி வாசனை. கும்பகோணம் டிகிரி காப்பி என்று நினைத்து நாக்கைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டாம். இது அடுத்தவன் எழுதினதை எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கொள்கிற காப்பி. இதையும் பெரும்பாலும் போலீஸோ கோர்ட்டோ கண்டுபிடிப்பதில்லை. ஏதோ ஒரு குடிகாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மூக்குதான் கண்டுபிடிக்கிறது.

* * *

தமிழில் கதை எழுதி பத்திரிகைக்கு அனுப்பின எல்லோருக்கும் ஒரு மந்திரம் மனப்பாடம். கதையின் கடைசித் தாளில், கையெழுத்துக்கு மேலே எழுத வேண்டியது. 'இக்கதை என் சொந்தக் கற்பனையே. எதனுடைய தழுவலோ, மொழிபெயர்ப்போ அல்ல. வேறெந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை என்றும் உறுதியளிக்கிறேன்.' கதை எழுதத் தெரியாதவர்கள்கூட இதைப் பிரமாதமாக எழுதுவார்கள். சில கதைகளில் அச்சுப் பிழை, இலக்கணப் பிழை எதுவும் இல்லாத ஒரே பகுதி அதுதான்.

ஆனால் பாருங்கள், திருடணும் என்று முடிவு செய்தவனுக்கு உறுதிமொழி ஒரு பொருட்டா? 'நான் திருடனில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், அதில் முதல் கையெழுத்து திருடனுடையதாகத்தான் இருக்கும். பத்திரிகை ஆபீஸுக்கும் இது தெரியும். வருகிற ஆயிரம் கதையையும் உலகத்திலுள்ள எல்லாக் கதைகளோடும் ஒப்பிட உதவி ஆசிரியர் என்ன அஷ்டாவதானியா? அவருக்கு மத்தியானம் மூணு மணிக்குள் லே-அவுட் முடியணும்.

காவல் வேலையைச் செய்தது பதினைந்து பைசா போஸ்ட் கார்டு. கதை வெளியான மூன்றாம் நாள் வந்து நிற்கும். 'பக்கம் 34-ல் வந்துள்ள கதையை இன்ன வருஷத்து இன்ன பத்திரிகையின் தீபாவளி மலரில் நான் படித்திருக்கிறேன். கதாநாயகி பேர் மட்டும் சரோஜாவிலிருந்து சரண்யா ஆகியிருக்கிறது.' எழுதினவர் ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டராக இருப்பார். அல்லது பழைய இதழ்களைப் பைண்டு பண்ணி வைத்திருக்கிற ஒரு மாமியாக இருப்பார். அவர்களுக்கு இதில் சம்பளம் கிடையாது, பிரமோஷன் கிடையாது. பிடித்த கதையை வேறொருத்தன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிடிபட்டவருக்கு என்ன தண்டனை? ஜெயில் இல்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் வருத்தம் தெரிவித்து நாலு வரி. அதற்குப் பிறகு அவர் கதை எந்த ஆபீஸுக்குப் போனாலும் தபால் தலை ஒட்டின உறை அப்படியே திரும்பி வரும். இந்த ஊர் விலக்கம் இருக்கிறதே, அது ஜெயிலைவிடக் கடுமை.

* * *

கடலூருக்கும் இந்தச் சமாசாரத்துக்கும் ரொம்ப நெருங்கின சம்பந்தம் உண்டு. சிப்காட்டிலிருந்து வடக்கே திரும்பி ஓ.டி.யைக் கடந்து போனால் திருப்பாதிரிப்புலியூர். 1906-ல் அங்கே ஒரு தாசில்தார் வீட்டில் சொ. விருத்தாசலம் என்று ஒரு பிள்ளை பிறந்தது. பூர்வீகம் திருநெல்வேலி. அப்பாவின் உத்தியோகம் கடலூர்ப் பக்கம். பிற்பாடு புதுமைப்பித்தன் என்று பேர் வைத்துக்கொண்டு தமிழ்ச் சிறுகதையையே உலுக்கினவர்.

அவர் எழுத வந்த முப்பதுகளில் தழுவல் கொடிகட்டிப் பறந்தது. பாரிஸில் நடந்த கதை மயிலாப்பூருக்கு வரும். ஜான் ஜானகிராமன் ஆவார், மேரி மீனாட்சி ஆவாள், அவர்கள் குடித்த ஒயின் காப்பி ஆகும். கதையும் காப்பி ஆகும்.

புதுமைப்பித்தன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக் கதை வேண்டுமா, நேர்மையாக மொழிபெயர்த்து, எழுதினவன் பேரைப் போடு. வேஷம் கட்டிக் கூட்டிவராதே என்பது அவர் கட்சி. 1937 வாக்கில் இது பெரிய சண்டையே ஆயிற்று. எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை, கல்கி. தழுவல்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. தெரியாத பாரிஸ் தெருவில் வாசகனைத் தனியாக விட்டால் அவன் பயந்து ஓடிவிடுவான், தெரிந்த தெருவில் நடத்திக் கூட்டிப்போகலாமே என்பது. புதுமைப்பித்தன் வாதாடினதோடு நிற்காமல், உலகத்துக் கதைகளைத் தேடித் தேடி, எழுதினவர் பேரோடு மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

இனிமேல்தான் தமாஷ். புதுமைப்பித்தன் 1948-ல் காலமானார். அதற்கப்புறம் அவர் பேரில் வெளியான சில கதைகளை விமர்சகர்கள் மோந்து பார்த்தார்கள். பிரெஞ்சு வாசனை அடித்தது! 'நொண்டி', 'பயம்', 'சமாதி', 'கொலைகாரன் கை' மாதிரியான கதைகள் மாப்பசான் முதலானவர்களின் கதைகளைத் தழுவினவை என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். தழுவலை எதிர்த்தவர் தழுவினாரா? இலக்கிய உலகத்துக்கு இதைவிட வேறென்ன வேணும்!

அவர் பக்கத்து வக்கீலாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதின ரகுநாதன் வந்தார். 1999-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வாதம் இப்படிப் போகும்: அந்தக் கதைகள் எல்லாம் 1937-க்கு முந்தினவை. பெரும்பாலானவற்றை அவர் தன் தொகுப்புகளில் சேர்க்கவே இல்லை. அவர் போன பிற்பாடு, எது சொந்தம் எது தழுவல் என்று தெரியாதவர்கள் எடுத்துப் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது தொகுப்பில் சேர்த்த ஒரு கதை, 'தமிழ் படித்த பெண்டாட்டி', மாப்பசானுடைய தழுவல் என்று 'ஆண்மை' தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார்.

யார் கட்சி ஜெயித்தது என்பது இருக்கட்டும். அந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் முதலில் வந்தது என்று மூலத்தைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் வந்தது. 2000-ல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, கால வரிசையில் அந்த விவரங்களோடு புதுமைப்பித்தன் கதைகள் வந்தன. சந்தேகப்பட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்லணும். அவர்கள் மோந்து பார்க்காவிட்டால் இந்தக் கணக்கு எடுக்க அவ்வளவு அவசரம் வந்திருக்காது.

* * *

'எல்லாருமே எங்கேயோ இருந்து எடுக்கிறதுதானே ஸார்?' என்று ஒரு கேள்வி எப்பவும் வரும். வாஸ்தவம். நம் முன்னோர்கள் இதை ரகசியமாகவே வைக்கவில்லை. தொல்காப்பியத்தில் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. வழிநூல் எழுத நான்கு வழி: சுருக்கலாம், விரிக்கலாம், சுருக்கியும் விரித்தும் செய்யலாம், மொழிபெயர்க்கலாம். வழிநூல் எழுதுவது குற்றம் என்று எங்கும் சொல்லவில்லை. வழி யாருடையது என்று தெரிந்திருக்கணும், அவ்வளவே. கம்பர் என்ன செய்தார்? இந்தக் கதையை வடமொழியில் பாடினவர்கள் மூன்று பேர், அவர்களில் மூத்தவர் சொன்னபடி நான் சொல்கிறேன் என்று ஆரம்பத்திலேயே கணக்கை ஒப்படைத்துவிட்டார். வால்மீகி வந்து கேஸ் போட முடியுமா?

இந்த 'வழி' விஷயத்தை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் தமிழ் வாத்தியார் இல்லை. சிப்காட்டில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் குப்பி குலுக்கின நண்பர்.

"எங்க தொழிலே காப்பிதான் சார்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஆனா திருட்டு இல்லை."

அவர் சொன்னது இது. ஐபுபுரூஃபென் என்று தலைவலிக்குப் போடுகிறோமே, அதைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தில் பூட்ஸ் கம்பெனியில் ஸ்டுவர்ட் ஆடம்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும். வருஷக்கணக்காக நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்துக் கண்டுபிடித்தது. ஆடம்ஸ் ஒரு கூட்டத்தில் பேசவேண்டியிருந்த காலையில், முந்தின ராத்திரி சாப்பிட்ட சரக்கின் தலைவலிக்கு இந்த மருந்தையே போட்டுக்கொண்டு மேடை ஏறினாராம். 1969-ல் புரூஃபென் என்ற பேரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அவர்களுக்கு உண்டான பேடண்ட் காலம் முடிந்ததும் உலகமே தயாரித்தது. இங்கே புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆலை வைத்திருந்த ஷாசன் கம்பெனி உலகத்திலேயே ஐபுபுரூஃபெனை மிக அதிகமாகத் தயாரித்தவர்களில் ஒன்றாக ஆயிற்று.

நம் நாட்டு 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் ஒரு வேடிக்கையான வேலை செய்தது. மருந்துக்குப் பேடண்ட் கிடையாது, அதைச் செய்கிற வழிக்கு மட்டும்தான் என்றது. நீ போன ஊருக்கே நானும் போகலாம், ஆனால் நான் வேறு ரூட்டில் போகணும். தொல்காப்பியரின் வழிநூல் மாதிரி இல்லை? அந்த வேறு ரூட்டைக் கண்டுபிடித்துத்தான் நம் ரசாயனக்காரர்கள் கில்லாடிகள் ஆனார்கள், மாத்திரையும் விலை குறைந்தது. 2005-லிருந்து சட்டம் மாறி, மருந்துக்கே 20 வருஷம் பேடண்ட் வந்துவிட்டது. கண்டுபிடித்தவனுக்கு 20 வருஷம் சாப்பாடு, அதற்கப்புறம் ஊருக்குச் சாப்பாடு. பதிலுக்கு அவன் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக்கொடுக்கணும்.

"எங்க அட்டைப்பெட்டியிலே மருந்தோட பொதுப் பேரைப் போட்டுத்தான் விக்கிறோம். நாங்களே கண்டுபிடிச்சோம்னு எங்கயும் சொல்லலையே. உங்க ஆளுங்க அதைச் சொல்லிட்டு எடுத்தா யாரு கேக்கப்போறா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. காப்பி குடிக்கப் போனோம்.

* * *

அந்த நண்பரிடம் இன்னொன்றும் கேட்டேன். ரெண்டு கம்பெனி ஒரே மருந்தைச் செய்தால், யார் எந்த வழியில் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

"முடியும். மருந்து எல்லார்கிட்டயும் ஒண்ணுதான். கூட ஒட்டிக்கிட்டு வர்ற அழுக்கைப் பாருங்க. துளிதான் இருக்கும். அந்த அழுக்கு எந்த வழியில வந்ததுன்னு சொல்லிடும்."

பள்ளிக்கூட வாத்தியார்கள் இதைக் கெமிஸ்ட்ரி படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ரெண்டு பையன்கள் சரியான விடை எழுதியிருந்தால் அவர் ஒன்றும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஒரே தப்பை ஒரே இடத்தில் எழுதியிருந்தால் காதைப் பிடித்துவிடுவார். முதல் பையன் 'எனக்குத் தெரியாது' என்று எழுத, பக்கத்துப் பையன் 'எனக்கும் தெரியாது' என்று எழுதின ஜோக் உங்களுக்குத் தெரியும். அது என் ஜோக் இல்லை. யாருடையது என்று கேட்டால், எனக்கும் தெரியாது.

அகராதிக்காரர்கள் இதை வைத்துப் பொறியே வைத்தார்கள். 2001-ல் வந்த ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் 'எஸ்குவேலியன்ஸ்' என்று ஒரு வார்த்தை. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று அர்த்தம் போட்டிருந்தது. உலகத்தில் இல்லாத வார்த்தை அது. காப்பி அடிக்கிறவன் அதையும் சேர்த்து அடிப்பான், மாட்டுவான் என்று விதைத்தது. 1975-ல் வந்த கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் மௌண்ட்வீஸல் என்று ஒரு போட்டோகிராஃபர் அம்மாளின் வாழ்க்கைக் குறிப்பு. எரிபொருள்கள் சம்பந்தமான ஒரு பத்திரிகைக்காகப் படமெடுக்கப் போய், வெடி விபத்தில் செத்துப்போனாராம். அப்படி ஒரு அம்மாள் பிறக்கவே இல்லை. பிறக்காமலே செத்து, திருடனைப் பிடிக்க உட்கார்ந்திருந்த புண்ணியவதி.

தமிழில் திருட்டு நேர் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டு என்பது ஒரு வகை. தன் பாட்டை அடுத்தவர் பாட்டு என்பது இன்னொரு வகை. கம்பராமாயணத்தில் யார் யாரோ தங்கள் பாட்டைக் கொண்டுபோய்ச் செருகினார்கள். இடைச்செருகல் என்று பேர். பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டு, நடையை மோந்து பார்த்து, 'மிகைப் பாடல்கள்' என்று தனியே எடுத்து வைத்தார்கள். அந்தச் செருகல்காரர்களின் வாரிசுகள் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு பொன்மொழி எழுதி, கீழே அப்துல் கலாம் படத்தை ஒட்டி, அதிகாலை ஐந்தரைக்கே வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் வேறு யார்?

* * *

சரி, இதெல்லாம் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

1956-ல் 'நியூ டெல்லி' என்று ஒரு இந்திப் படம். 'என் நாடகத்தைத்தான் படமாக எடுத்துவிட்டார்கள்' என்று ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் கேஸ் போட்டார். சுப்ரீம் கோர்ட் 1978-ல் தீர்ப்புச் சொன்னது. அவர் தோற்றுப்போனார். கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கிற விதத்துக்குத்தான் என்றது தீர்ப்பு. அதாவது ஊருக்கு இல்லை, ரூட்டுக்குத்தான். கூடவே ஒரு அளவுகோலும் வைத்தார்கள். ரெண்டையும் படித்த, அல்லது பார்த்த ஒருவருக்கு, இது அதனுடைய காப்பி என்று சந்தேகமில்லாமல் மனசில் படுகிறதா?

கவனித்தீர்களா? கடைசியில் நீதிபதி நாற்காலியில் சுப்ரீம் கோர்ட்டே யாரை உட்கார வைத்தது? உங்களைத்தான். போஸ்ட் கார்டு எழுதின ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டரைத்தான்.

ஆனால் எழுதி வாழ்கிறவனுக்கு 1956-க்கும் 1978-க்கும் நடுவே உள்ள இருபத்திரண்டு வருஷம் காத்திருக்க வயிறு இடம் கொடுக்குமா? அதனால்தான் கோர்ட்டுக்கு முந்தின வாசற்படி ஒன்று வேண்டியிருக்கிறது. சினிமாக்காரர்கள் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யலாம்.

2018 தீபாவளிக்கு 'சர்கார்' வெளியாவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர், 'செங்கோல்' என்று தான் 2007-ல் பதிவு செய்து வைத்த கதை அது என்று புகார் கொடுத்தார். எதிரே ஏ.ஆர். முருகதாஸ், விஜய், பெரிய கம்பெனி. இந்தப் பக்கம் பழைய பதிவுக் காகிதம். சங்கத்தில் உட்கார்ந்து ரெண்டு கதையையும் ஒப்பிட்டார்கள். மூலக்கரு ஒன்றுதான் என்று சங்கம் சொன்னது. அப்போது தலைவர் கே. பாக்யராஜ். திரைக்கதை எழுதியே பேர் வாங்கினவர். ஊசி எங்கே ஏறியிருக்கிறது, நூல் எங்கே போயிருக்கிறது என்று தையற்காரனுக்குத்தானே தெரியும்?

தன் ஓட்டை வேறொருத்தன் போட்டுவிட்டான் என்கிற ஒரு கருதான் ஒற்றுமை, மற்றபடி கதை முழுக்க என்னுடையது என்று முருகதாஸ் கடைசி வரை சொன்னார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அக்டோபர் 30-ந் தேதி சமரசத்தில் முடிந்தது. படத்தில் வருண் ராஜேந்திரன் பேரைப் போட்டு நன்றி சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பரபரப்பில் பாக்யராஜ் தலைவர் பதவியை ராஜினாமா செய்ததும், சங்கம் அதை ஏற்க மறுத்ததும் தனிக் கதை. காவல்காரன் வேலைக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பதினோரு வருஷம் கழித்துத் திரையில் ஒரு கார்டு. சில விநாடிதான் நிற்கும். பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் எழுதினவனைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சில விநாடிக்கு என்ன விலை என்று.

* * *

படிப்பாளிகள் உலகத்தில் இப்போது மூக்குக்குப் பதில் மெஷின் வைத்துவிட்டார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமானாலும் வேறெந்தப் பல்கலைக்கழகமானாலும், ஆராய்ச்சிக் கட்டுரையை கம்ப்யூட்டர் மோந்து பார்த்து சதவிகிதம் சொல்லும். யு.ஜி.சி. 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, பத்து சதவிகிதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாசத்துக்குள் திருத்திக் கொடுக்கணும். 60 வரை போனால் ஒரு வருஷம் ஒதுங்கி இருக்கணும். அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பேர் சொல்லி, மேற்கோள் காட்டி எடுத்தது கணக்கில் சேராது. கம்பர் இன்றைக்கு டாக்டர் பட்டத்துக்குப் போட்டால் அந்த விதியில் தப்பித்துவிடுவார்.

மெஷினிடம் ஒரு சங்கடம். அதற்கு வார்த்தைதான் தெரியும். 'சூரியன் உதித்தது' என்பதை 'ஆதவன் எழுந்தான்' என்று மாற்றினால் அது பாவம், ஏமாந்துவிடும். எலும்பை எடுத்துச் சதையை மாற்றினால் கண்டுபிடிக்க, ரெண்டையும் ரசித்துப் படித்த ஆள் வேணும்.

அப்படி ஆட்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். நாம்தான் அவர்களுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருக்கிறோம். 'படித்ததில் பிடித்தது' என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அதைப் போல ஒரு கிருமிநாசினியை நான் பார்த்ததில்லை. எழுதினவன் பேரைச் சுத்தமாகக் கொன்றுவிடும். பிடித்தது சரி. யார் எழுதினது? ராத்திரி கண் விழித்து ஒருத்தன் எழுதினான். முதல் பத்துப் பேர் கைமாறும்போது அவன் பேர் கீழே இருந்தது. பதினோராவது ஆள் இடம் பத்தவில்லை என்று வெட்டினார். பன்னிரண்டாவது ஆள் தன் பேரைப் போட்டுக்கொண்டார். பதின்மூன்றாவது ஆள் அதை எழுதினவனுக்கே அனுப்பி, 'நீயெல்லாம் இப்படி எழுதக் கத்துக்கணும்' என்று உபதேசம் பண்ணினார்.

இது சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவன் அடுத்த கதையை எழுதுவானா என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, சென்னையில் கிடைத்த வேலையெல்லாம் செய்த ஒரு பையனின் கதைகளை அறுபதுகளில் விகடன் 'முத்திரைக் கதை' என்று கௌரவம் பண்ணிப் போட்டது. அந்த ஜெயகாந்தன் ஞானபீடம் வரைக்கும் போனார். முத்திரை என்றால் என்ன? இது இன்னாருடையது, நல்ல சரக்கு என்று நாலு பேர் அறியச் சொல்வதுதான். திருடனைப் பிடிப்பது பாதி வேலை. சொந்தமாகச் செய்தவன் தோளில் தட்டுவது மீதிப் பாதி. இந்தப் பாதிக்குச் சங்கமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். அனுப்புகிற விரல் ஒரு விநாடி நின்று, பேரை வெட்டாமல் அனுப்பினால் போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வழக்கப்படி கடைசித் தாளில் உறுதிமொழி எழுத உட்கார்ந்தேன். 'இக்கட்டுரை என் சொந்தக் கற்பனையே' என்று ஆரம்பித்துப் பேனா நின்றுவிட்டது. பக்கெட்டில் காற்றுப் பிடித்தது குடிகாட்டுக்காரர்கள். அழுக்கைப் பார்க்கச் சொன்னது ஆய்வுக்கூட நண்பர். ரூட்டுக்குத்தான் உரிமை என்றது சுப்ரீம் கோர்ட். இதில் நான் கற்பனை பண்ணினது என்று எதைச் சொல்வது?

உறுதிமொழி இல்லாமலே அனுப்புகிறேன். ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் விட்டாலும் போஸ்ட் கார்டுக்காரர்கள் விடமாட்டார்கள்.